நீலம் வெளுக்கும் நேரம்: பாலின் தூய்மை குறித்து வாசகர் கேள்விகள்

பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் கண்டறியும் முறைகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், தண்ணீர் கலக்காத பால் என்றாலே அதைச் சுத்தமான பால் என்று கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கொள்ள முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேராத பாலும் அழுக்குக் கையாலும் சரியாகக் கழுவாத கேனாலும் கெட்டுப்போகும். அந்தக் கேட்டை வேதியியல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் கொழுப்புச் சத்தும் (கொழுப்பு நீங்கலான) இதர சத்தும் நன்றாக இருந்த பால், குளிரூட்டும் நிலையத்தில் சி.ஓ.பி. சோதனையில் (கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்க்கும் சோதனை) தேறவில்லை என்று ஒரு கேன் முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது. சத்துள்ள பால் எப்படித் தரமற்ற பாலாகும்? (பால் உற்பத்தியாளர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: கொழுப்பும் இதர சத்தும் பாலில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. கறந்த பிறகு அந்தப் பாலுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. விலை போடுவதற்கு அந்த அளவுகள் போதும். அந்தப் பாலைக் காய்ச்சலாமா, பதப்படுத்தலாமா என்று முடிவு செய்ய வேறு சோதனைகள் வேண்டும்.

நலமான மாட்டிடம் கறந்த புதுப்பாலில் லாக்டிக் அமிலம் அநேகமாக இருக்காது. ஆனாலும் அதைக் காரக் கரைசலால் தரம்பார்த்தால் பசும்பால் 0.13 முதல் 0.14 சதவீதம் வரையிலும், எருமைப்பால் 0.14 முதல் 0.15 சதவீதம் வரையிலும் அமிலத்தன்மை காட்டும். கேசின் என்னும் புரதமும், பாஸ்பேட், சிட்ரேட் உப்புகளும், கரைந்திருக்கும் கரியமில வாயுவும் காரத்தை ஏற்றுக்கொள்வதால் வரும் இந்த அளவை இயற்கை அமிலத்தன்மை என்பார்கள். பாலுக்குள் புகுந்த பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளிவிடும்போது இந்த அளவுக்கு மேல் ஏறுவதுதான் கெடுதலின் அடையாளம். 10 மி.லி. பாலில் பினால்ப்தலீன் என்னும் நிறங்காட்டியைச் சில சொட்டு விட்டு, டெசிநார்மல் (0.1 நார்மல்) செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மறையாத இளஞ்சிவப்பு தோன்றும் வரை எத்தனை மி.லி. செலவானது என்று பார்க்க வேண்டும். ஒரு மி.லி. காரம் 0.009 கிராம் லாக்டிக் அமிலத்துக்குச் சமம். ஆகவே 1.5 மி.லி. செலவானால் அமிலத்தன்மை 0.135 சதவீதம், 2.2 மி.லி. செலவானால் 0.198 சதவீதம்.

காலையில் வண்டி வந்து நின்று, வரிசையாகக் கேன்கள் இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் இப்படிச் சொட்டு எண்ணிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதற்காக வந்தவைதான் சி.ஓ.பி. சோதனையும் ஆல்கஹால் சோதனையும். கேசின் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலில் மிதப்பவை. அமிலம் ஏற ஏற அந்த மின்னூட்டம் குறைந்து, துகள்கள் ஒட்டிக்கொள்ளத் தயாராகிவிடும். அறை வெப்பத்தில் பார்ப்பதற்கு ஒரு மாற்றமும் தெரியாது. 5 மி.லி. பாலைச் சோதனைக் குழாயில் எடுத்து ஐந்து நிமிடம் கொதிநீரில் நிறுத்தினால், அல்லது எடைக் கணக்கில் 68 சதவீத ஆல்கஹாலைச் சம அளவு சேர்த்துக் கவிழ்த்தால், மிச்சமிருந்த தயக்கமும் நீங்கித் துகள்கள் திரண்டுவிடும். அமிலத்தன்மை ஏறக்குறைய 0.2 சதவீதத்தைத் தாண்டும்போது இப்படி நிகழும்.

உங்கள் கேனுக்கு நேர்ந்ததை நான் இப்படித்தான் ஊகிக்கிறேன்: ஒரே ஓர் உறுப்பினரின் புளிக்கத் தொடங்கிய பாலோ, முந்தைய நாள் பால் படிந்திருந்த கேனோ நாற்பது லிட்டரையும் கெடுத்திருக்கலாம். ஆனால் திரிந்த பால் எல்லாமே புளித்த பால் அல்ல. கன்று ஈன்ற முதல் சில நாட்களின் சீம்பால் கலந்திருந்தாலும், மடிநோய் கண்ட மாட்டின் பால் கலந்திருந்தாலும், கால்சியம், பாஸ்பேட் உப்புகளின் சமநிலை பிறழ்ந்திருந்தாலும் புதுப்பால்கூட இந்தச் சோதனைகளில் திரியும். ஆகவே திருப்பி அனுப்பிய கேனின் அமிலத்தன்மை எவ்வளவு என்று கேட்டு அறிய உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பிழை தொழுவத்திலா, மடியிலா, கேனிலா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: எம்.பி.ஆர்.டி. என்னும் மெத்திலீன் நீலச் சோதனையில் பாலில் நீலச் சாயத்தை விட்டு வெளுக்கும்வரை காத்திருக்கிறார்கள். வெறும் சாயம் கிருமிகளை எப்படிக் கணக்கிடுகிறது? எப்படியும் காய்ச்சித்தானே குடிக்கிறோம், பிறகு ஏன் இவ்வளவு கவலை? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: பால் ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 1876ஆம் ஆண்டில் ஹைன்ரிக் கரோ என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் துணிக்குச் சாயமாக உருவாக்கிய மெத்திலீன் நீலம், ஊர்ச் சங்கங்களின் பாலைத் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்து சேரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

சாயம் கிருமிகளை எண்ணுவதில்லை, அவை மூச்சுவிடுவதைத்தான் கவனிக்கிறது. பாலில் காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் இருக்கிறது. உயிருள்ள பாக்டீரியாக்கள் பெருகப் பெருக அதை எடுத்துத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் உள்ளவரை மெத்திலீன் நீலம் நீலமாகவே இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்களின் வளர்சிதை மாற்றத்திலிருந்து வரும் எலக்ட்ரான்களைச் சாயம் ஏற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறிவிடும். கிருமிகள் அதிகமாக இருந்தால் ஆக்சிஜன் விரைவாகத் தீரும், நீலமும் விரைவாக வெளுக்கும். சோதனை முடிந்த குழாயின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய நீல வளையம் தங்கியிருப்பதைப் பார்க்கலாம், அங்கே காற்று படுகிறது. வெளுத்த பாலை நன்றாகக் குலுக்கினால் காற்று உட்புகுந்து நீலம் திரும்பிவிடும். மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பைக் கண்டு நானும் மகிழ்ந்திருக்கிறேன்.

செய்முறை எளியது. நுண்ணுயிர் நீக்கிய குழாயில் 10 மி.லி. பாலும் 1 மி.லி. சாயக் கரைசலும் விட்டு, அடைத்து, 37 டிகிரி செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், ஏனென்றால் வெளிச்சமும் சாயத்தை வெளுக்கச் செய்யும். பச்சைப்பாலுக்கு நம் நாட்டில் பின்பற்றும் தரப்படி, ஐந்து மணி நேரமும் அதற்கு மேலும் நீலம் தாங்கினால் மிக நன்று. மூன்று அல்லது நான்கு மணி நேரம் நன்று. ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் சுமார். அரை மணி நேரத்துக்குள் வெளுத்தால் மோசம். நேரமில்லாத இடங்களில் ரெசசூரின் என்னும் சாயத்தைப் பயன்படுத்துவார்கள். அது நீலத்திலிருந்து ஊதாவாகி, இளஞ்சிவப்பாகி, கடைசியில் நிறமிழக்கும். பத்தே நிமிடத்தில் அந்த நிறத்தை 6 முதல் 0 வரை எண்ணிட்ட நிறத்தகடுகளோடு ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. காய்ச்சினால் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது உண்மை. ஆனால் ஸ்டைஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா ஏற்கெனவே பாலில் விட்டுச்சென்ற நச்சு, கொதிக்கவைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. அந்தப் பாக்டீரியா மடிநோய் கண்ட மடியிலும் கறப்பவரின் கைப்புண்ணிலும் இருப்பது. அழுக்கான பாலைக் காய்ச்சினால் கிடைப்பது காய்ச்சிய அழுக்குப் பால்தான் என்று நான் பயிற்சியாளர்களிடம் சொல்வதுண்டு.

கேள்வி: கோடைக்காலத்தில் பால் திரியாமல் இருக்க ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. பால்காரரும் அப்படிச் செய்வாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. இது தவறா? (இல்லத்தரசி, மதுரை)

பதில்: உங்கள் வீட்டு அடுப்பில் உங்கள் பாலுக்கு நீங்கள் போடும் ஒரு சிட்டிகையால் உடனடியாகப் பெருந்தீங்கு வந்துவிடாது, ஆனாலும் அந்த வழக்கத்தை விட்டுவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விற்பனைக்கு வரும் பாலில் சோடா சேர்ப்பது சட்டத்துக்கு மாறானது. அதைவிட, அது பாலில் இருக்கும் சாட்சியத்தை அழிக்கும் செயல் என்பதே என்னைக் கோபப்படுத்துகிறது.

மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பாலுக்கு நேர்ந்ததைப் பாலிடமே கேட்டறியும் வழிகள். புளிக்கத் தொடங்கிய பாலில் சோடியம் பைகார்பனேட்டோ, சலவை சோடாவோ, காஸ்டிக் சோடாவோ சேர்த்தால் லாக்டிக் அமிலம் உப்பாக மாறிவிடும், அமிலத்தன்மை 0.2 சதவீதத்திலிருந்து மீண்டும் 0.14க்கு இறங்கும். சி.ஓ.பி. சோதனையில் அந்தப் பால் தேறும், ஆல்கஹால் சோதனையிலும் தேறும், நாக்குக்கும் புளிப்புத் தெரியாது. ஆனால் அமிலத்தை உண்டாக்கிய கிருமிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. புளிப்பு ஏறும்போது அது ஒரு கட்டத்தில் கிருமிகளின் வளர்ச்சிக்கே தடையாக நிற்கும். சோடா அந்தத் தடையையும் எடுத்துவிடுகிறது.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது ரோசாலிக் அமிலச் சோதனை. 5 மி.லி. பாலோடு 5 மி.லி. ஆல்கஹாலும் சில சொட்டு ரோசாலிக் அமிலக் கரைசலும் சேர்த்தால், நல்ல பால் மங்கிய பழுப்பு நிறம் காட்டும், காரம் சேர்த்த பால் ரோஜாச் சிவப்பாகும். ஆனால் சோடா சேர்த்த பிறகு பால் மீண்டும் புளித்துவிட்டால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும். இரண்டாவது, மெத்திலீன் நீலமேதான். சோடா அமிலத்தை மறைக்கும், கிருமிகளின் மூச்சை மறைக்காது. அமிலத்தன்மை ஒழுங்காக இருக்கிறது, நீலமோ அரை மணியில் வெளுக்கிறது என்றால் அந்தப் பாலை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இதை அறிந்தவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்துக் கிருமிகளையும் அடக்கப் பார்ப்பதுண்டு. பெராக்சைடு கிருமிகளைக் கொல்வதோடு பாலில் ஆக்சிஜனையும் சேர்ப்பதால் நீலம் வெளுக்காமல் நெடுநேரம் நிற்கும். பாரா பினைலீன் டைஅமின் கரைசலை விட்டால் அந்தப் பால் நீலமாக மாறிக் காட்டிக்கொடுக்கும். பாலிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால் இந்தச் சோதனையைத் தாமதிக்காமல் செய்ய வேண்டும். ஃபார்மலின் சேர்த்திருந்தால், பாலுள்ள குழாயின் பக்கவாட்டில் அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கும்போது இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றும். இது ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் யாரும் முயல வேண்டாம். கோடை மதியத்தில் வெகுதூரம் வந்த பால் எட்டு மணி நேரம் நீலம் தாங்குகிறது என்றால், மகிழ்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

கேள்வி: பால்மானி வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கொண்டு பாலின் சுத்தத்தை அறியலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: முடியாது. பால்மானி காட்டுவது அடர்த்தியை மட்டுமே. ஆயிரம் கிருமிகள் உள்ள பாலும் ஐம்பது இலட்சம் கிருமிகள் உள்ள பாலும் அதற்கு ஒன்றுதான். கொழுப்பை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் சேர்த்தால், தண்ணீர் விஷயத்திலும்கூட அது ஏமாந்துவிடும்.

கேள்வி: குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருந்த பால் புளிக்கவில்லை, திரியவும் இல்லை, ஆனால் கசந்தது. ஏன்? (ஆசிரியை, கோயம்புத்தூர்)

பதில்: பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் குளிரில் அடங்கிவிடுகின்றன. அந்த இடத்தைக் குளிரிலும் வளரக்கூடிய வேறு இனங்கள் பிடித்துக்கொள்கின்றன. சூடோமோனாஸ் இவற்றில் முதன்மையானது. இவை அமிலத்தை உண்டாக்குவதில்லை. புரதத்தைச் சிதைக்கும் நொதியையும் கொழுப்பைச் சிதைக்கும் நொதியையும் வெளிவிடுகின்றன. புரதம் சிதையும்போது கசப்பும், கொழுப்பு சிதையும்போது சிக்கு வாடையும் வரும். பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தும்போது இந்தப் பாக்டீரியாக்கள் சாகின்றன, ஆனால் அவை விட்டுச்சென்ற நொதிகளில் பல அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்கின்றன.

நான் மெச்சிப் பேசிய நீலச் சாயச் சோதனைக்கும் இங்கேதான் எல்லை வருகிறது. குளிரில் வளரும் இந்த இனங்கள் மெத்திலீன் நீலத்தை மிக மெதுவாகவே வெளுக்கச் செய்கின்றன. கறந்த சூட்டோடு சங்கத்துக்கு வரும் பாலுக்கு அந்தச் சோதனை பொருந்தும். தொகுப்புப் பால் குளிர்விப்பு மையத்தில் 4 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் கிடந்த பாலின் உண்மையை அது முழுமையாகச் சொல்லாது. அத்தகைய பாலுக்கு வளர்தட்டில் கிருமிகளை வளர்த்து எண்ணும் முறையே நம்பத்தக்கது. ஊர்தோறும் குளிர்விப்பு மையங்கள் பெருகிவரும் இக்காலத்தில், பழைய சோதனையை மட்டும் நம்பி நிற்பது போதாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாக்கெட்டில் "பாஸ்டரைஸ் செய்யப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே அப்படிச் செய்தார்களா என்று அறிய வழி உண்டா? அதை மீண்டும் காய்ச்ச வேண்டுமா? (ஓய்வுபெற்ற அலுவலர், சென்னை)

பதில்: வழி உண்டு, அதுவும் மிக அழகான வழி. காரப் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி பச்சைப்பாலில் இயற்கையாகவே இருக்கிறது. பாலை 63 டிகிரியில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்தால் அது செயலிழந்துவிடும். காசநோய்க் கிருமி அழிவதற்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலான வெப்பம் இந்த நொதி அழியத் தேவை. ஆகவே நொதி அழிந்திருந்தால் அந்தக் கிருமியும் அழிந்திருக்கும் என்று நம்பலாம். கிருமியைத் தேடிப்பிடித்து வாரக்கணக்கில் வளர்த்துப் பார்ப்பதற்குப் பதிலாக நொதியிடம் கேட்டுவிடலாம் என்னும் இந்த எண்ணத்தைக் கேயும் கிரகாமும் 1930களில் ஒரு சோதனையாக வடிவமைத்தார்கள். பின்னர் 1949இல் ஆஷஃபன்பர்க், முல்லன் ஆகிய இருவரும் இன்னும் எளிய வடிவத்தைக் கொடுத்தார்கள். பாலோடு பாரா நைட்ரோபினைல் பாஸ்பேட் கரைசலைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால், நொதி உயிரோடிருக்கும் பால் மஞ்சளாகும். பதப்படுத்திய பாலோடு சிறிதளவு பச்சைப்பால் குழாய்க் கசிவினால் கலந்திருந்தாலும் அந்த மஞ்சள் தோன்றிவிடும்.

இன்னொரு நொதியும் துணைக்கு இருக்கிறது. லாக்டோபெராக்சிடேஸ் 72 டிகிரியைத் தாங்கும். 80 டிகிரியை ஒட்டித்தான் அழியும். பாஸ்பட்டேஸ் இல்லை, பெராக்சிடேஸ் இருக்கிறது என்றால் பால் முறையாகச் சூடாக்கப்பட்டது என்று பொருள். இரண்டுமே இல்லை என்றால் தேவைக்கு மேல் சூடேற்றியிருக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்ய நேர்ந்தது, வந்த பாலின் தரம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாஸ்பட்டேஸ் சோதனை சூடாக்கியதற்குத்தான் சான்று தரும். சூடாக்கிய பின் பாக்கெட்டில் நிரப்பும் இயந்திரத்திலிருந்து கிருமி புகுந்திருந்தால் அதை அது அறியாது; அதற்குச் சுகாதாரக் குறைவைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியாக்கள் உள்ளனவா என்று தனியே பார்க்க வேண்டும். முறையாகப் பதப்படுத்தி, குளிர் குறையாமல் உங்கள் கைக்கு வந்த பாலைக் காய்ச்ச வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நம் ஊர்க் கடைகளின் முன்னால் விடியற்காலையில் பிளாஸ்டிக் பெட்டிகளில் பாக்கெட்டுகள் வெளியே காத்திருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதனால் ஒரு முறை பொங்கும்வரை காய்ச்சிக் குடியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

கேள்வி: என் மாட்டுக்கு மடிநோய் கண்டு ஊசி போட்டோம். பால் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது, சோதனையிலும் தேறியது. ஆனால் அந்தப் பாலை வாங்கிய வீட்டில் தயிர் உறையவில்லை என்கிறார்கள். (கறவை மாடு வளர்ப்பவர், ஈரோடு மாவட்டம்)

பதில்: ஊசியாகப் போட்ட ஆன்டிபயாட்டிக் மருந்து பாலில் இறங்கியிருக்கிறது. உறை ஊற்றிய மோரிலுள்ள பாக்டீரியாக்களை அது வளரவிடவில்லை, அதனால் தயிர் உறையவில்லை. நீலச் சாயச் சோதனையில் உங்கள் பால் தேறியதற்கும் அதுவேதான் காரணமாக இருந்திருக்கும்: கிருமிகள் மருந்தால் அடங்கிக் கிடந்ததால் நீலம் வெளுக்கவில்லை. சோதனையில் தேறிய பால் எல்லாம் நல்ல பால் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. மருந்து எச்சத்தைக் கண்டறியத் தனிச் சோதனைப் பட்டைகள் இருக்கின்றன.

கால்நடை மருத்துவர் ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று சொல்வார். மருந்துப் பெட்டியிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாட்கள் முடியும்வரை நோய் கண்ட காம்பின் பால் மட்டுமன்றி அந்த மாட்டின் பால் முழுவதையும் விற்பனையிலிருந்து ஒதுக்க வேண்டும். மற்ற மூன்று காம்புகள் நன்றாக இருக்கின்றனவே என்று பலர் எண்ணுகிறார்கள். மருந்து இரத்தத்தின் வழியே அவற்றுக்கும் போகிறது. வருமான இழப்பு பெரியது என்பதை நான் உணராமல் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைக்கு மருந்து ஒவ்வாமை இருக்கலாம், ஊரிலுள்ள கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகியும் போகலாம்.

நோய் முற்றுமுன் கண்டுகொள்ள உங்கள் தொழுவத்திலேயே ஒரு வேதிச் சோதனை செய்யலாம். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று அதற்குப் பெயர். 1957ஆம் ஆண்டு முதல் வழக்கத்தில் இருக்கிறது. நான்கு குழிகள் உள்ள தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, சலவைப்பொருள் வகைக் கரைசலைச் சம அளவு விட்டுச் சுழற்ற வேண்டும். நோயை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் பாலில் மிகுந்திருந்தால், கரைசல் அவற்றை உடைக்க, உள்ளேயிருக்கும் டி.என்.ஏ. வெளிவந்து பாலைக் கூழாக்கிவிடும். எந்தக் குழியில் கூழ் திரள்கிறதோ அந்தக் காம்பில் நோய். கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பாலில் பூஞ்சை நச்சு இருப்பதாகச் செய்தி படித்தேன். காய்ச்சினால் போய்விடுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போகாது. அஃப்ளடாக்சின் எம்1 என்னும் அந்த நச்சு தீவனத்திலிருந்து வருகிறது. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கையோ, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையோ, மக்காச்சோளத்தையோ மாடு தின்றால், அதிலுள்ள அஃப்ளடாக்சின் பி1 மாட்டின் ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சுவதாலோ பதப்படுத்துவதாலோ அது அழிவதில்லை. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் 12 மட்டுமே கலப்படத்தால் பாதுகாப்பற்றவையாக இருந்தன. இந்த நச்சு வரம்பைத் தாண்டியவையோ 368. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 வரம்பைத் தாண்டியிருந்தன. யூரியாவுக்கும் சோப்புத்தூளுக்கும் நாம் அஞ்சும் அளவுக்குப் பிண்ணாக்கு மூட்டைக்கு அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டும். தீவன மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் வைத்து, மழை ஈரம் படாமல் காப்பதுதான் இதற்கு முதல் தடுப்பு.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கம் மிகச் சிறியது. எல்லாச் சோதனைகளையும் செய்ய வசதி இல்லை. ஒன்றை மட்டும் தொடங்கலாம் என்றால் எதைத் தொடங்குவது? (சங்கச் செயலாளர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. மெத்திலீன் நீலச் சோதனையைத் தொடங்குங்கள். உங்களிடம் வருவது குளிரூட்டாத பால் என்பதால் அது உங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். தேவைப்படுபவை சோதனைக் குழாய்கள், ரப்பர் அடைப்பான்கள், தரப்படுத்திய சாய மாத்திரைகள், 37 டிகிரியில் நிற்கும் ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம். குழாய்களையும் அடைப்பான்களையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுங்கள். முந்தைய நாள் பாலின் எச்சம் இருந்தால் நல்ல பாலும் கெட்ட பாலாகத் தெரியும்.

எல்லா உறுப்பினர்களின் பாலையும் தினமும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் என்று முறை வைத்து, முன்னறிவிப்பில்லாமல் பாருங்கள். அரை மணி கழித்து ஒரு முறையும், பிறகு மணிக்கு ஒரு முறையும் குழாயைப் பார்த்து, வெளுத்த நேரத்தை உறுப்பினரின் பெயருக்கு நேரே எழுதி வாருங்கள். அந்த நோட்டைத் தண்டனைப் பட்டியலாக ஆக்கிவிடாதீர்கள். ஒருவருடைய பால் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளுத்தால், பாலைத் திருப்பி அனுப்புவதற்கு முன் கறக்கும் நேரத்தில் அவருடைய தொழுவத்துக்குப் போய் நில்லுங்கள். மடியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கறக்கிறாரா, முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனியே ஒதுக்குகிறாரா, கறந்த பால் சங்கத்துக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பிறகு அவருடைய பால் பாத்திரத்தை வாங்கி, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். நான் சென்று பார்த்த தொழுவங்களில் பாதிக்கு மேல் காரணம் அங்கேதான் இருந்தது.